குழந்தைகளின் நோய்த் தடைக்காப்பும் அதில் நேரும் இடைவெளிகளும்

(கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பாடம்)

1962-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பெரியம்மையை ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் மக்கள் தொகையில் 80 சதவிகிதத்தினர்க்கேனும் அம்மை குத்திவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஊழியர்கள் சளைக்காது உழைத்தனர். அம்மை குத்தப்பட்டோரின் எண்ணிக்கை பல கோடியாக உயர்ந்தது. ஆயினும் பெரியம்மை ஒழிந்தபாடில்லை.

இதன் காரணம் யாது என ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. பள்ளிச் சிறுவர் போன்று எளிதில் கைக்கெட்டியவர்களுக்கே பல இடங்களில் மீண்டும் மீண்டும் அம்மை குத்தப்பட்டிருந்தது. பள்ளிக்கு வராத கைக்குழந்தைகளும், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் கூலி மக்களும் விடுபட்டிருந்தனர். ஒரு சிறுவனுக்கு மும்முறை குத்தினால் ஏட்டில் மூன்று என்னும் எண் ஏறும். ஆனால் பாதுகாப்புப் பெற்றவன் ஒருவனே. 1973 முதல் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளியைத் தேடினர். கண்ட இடத்தில் சுற்றியிருந்தோர் அனைவர்க்கும் அம்மை குத்தினர். அதன் பின்னரே நிலைமை மாறியது. 1975 மே மாதத்தில் இந்தியாவின் இறுதிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1977 ஏப்ரலில் சர்வதேசக் குழு ஒன்று இந்நாடு பெரியம்மையினின்றும் விடுபட்டதை உறுதி செய்தது.

பெரியம்மை மறைந்தது, அது கற்பித்த பாடம் மறையவில்லை. தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி முதலிய நோய்களுக்கும் அப்பாடம் அவ்வாறே பொருந்தும். எத்தனை ஊசிகள் போடப்பட்டன என்பதை மட்டும் எண்ணினால் போதாது. விடுபட்டவர் யாவர், எங்கே உள்ளனர், எந்த வயதினர் என்பவற்றையும் எண்ணுதல் வேண்டும். இக்கட்டுரை அவ்விடுபாடுகளின் இயல்பையும், அவற்றைக் காணும் வழிகளையும் விளக்குகிறது.

1. தடைக்காப்பு உண்டாகும் விதம்

பிறந்த குழந்தை முற்றிலும் காப்பின்றிப் பிறப்பதில்லை. கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடியின் வழியாகச் சேயின் இரத்தத்தை அடைகின்றன. கருவுற்ற தாய்க்கு இரண ஜன்னித் தடுப்பூசி போடுவதன் தத்துவம் இதுவே: தாய்க்குப் போட்ட ஊசி, பிறக்கவிருக்கும் சேயைக் காக்கிறது. இம்முறையாலும், மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகியதாலும், பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுவந்த இரண ஜன்னி பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்றும் இந்தியாவில் நீங்கியது 2015-இல் உறுதி செய்யப்பட்டது.

எனினும் தாய் தந்த காப்பு கடன் போன்றது. சில மாதங்களில் தேய்ந்துவிடும். அதன்பின் குழந்தை தானே தடைக்காப்பை ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. நோய் கண்டு பிழைத்தல் ஒன்று; நோயின்றியே தடுப்பூசியால் உடலைப் பழக்குதல் மற்றொன்று. முன்னதற்குத் தரும் விலை சிற்சில குழந்தைகளின் உயிராகவோ கண்ணொளியாகவோ அமைந்துவிடுகிறது.

தட்டம்மையை எடுத்துக்கொள்க. தாயின் எதிர்ப்புப் பொருள்கள் சேயின் உடலில் மிகுந்திருக்கும்போது ஊசி போட்டால், அப்பொருள்களே ஊசி மருந்திலுள்ள வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும். மிகத் தாமதித்தாலோ, குழந்தை காப்பின்றி நிற்கும். இவ்விரண்டையும் சீர்தூக்கியே இந்தியாவில் முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும் தரப்படுகிறது. அவ்வயதில் ஊசி பெறும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 85 குழந்தைகளுக்கே தடைக்காப்பு அமைகிறது. எஞ்சிய பதினைவருக்கும் வாய்ப்பளிக்கவே 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் தவணை தரப்படுகிறது. ஆகையால் தட்டம்மையின் இரண்டாம் தவணையை வெறும் ஊக்க ஊசி எனக் கருதுதல் தவறு. முதல் தவணையால் பயன்பெறாத குழந்தைக்கு அதுவே மெய்யான முதற் காப்பு.

தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றில் தீங்கு செய்வது கிருமி வெளிவிடும் நஞ்சு. அந்நஞ்சின் கொடுமையை நீக்கிச் செய்த மருந்தே ஊசியாகப் போடப்படுகிறது. இதனால் வரும் காப்பு உறுதியானதெனினும் காலப்போக்கில் குறையும். எனவே 6, 10, 14 வார வயதில் தரும் முத்தவணைகளோடு பணி முடிவதில்லை. 16 முதல் 24 மாதத்திற்குள் ஒன்றும், 5 முதல் 6 வயதிற்குள் ஒன்றும், 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்றும் ஊக்க ஊசிகள் போடப்படல் வேண்டும். இவற்றுள் இறுதி மூன்றும் பள்ளிப் பருவத்தில் அமைந்திருத்தல் ஆசிரியர் உளங்கொள்ளத்தக்கது.

2. இடைவெளியின் வகைகள்

தடைக்காப்பில் நேரும் இடைவெளிகளை ஐந்தாகப் பகுத்து நோக்குதல் பயன் தரும்.

முதலாவது, இயற்கை அமைத்த வயது இடைவெளி. தாய் தந்த காப்புத் தேய்ந்த பின்னரும் ஊசிக்குரிய வயது வராத காலம் இது. தட்டம்மை கண்டு பிழைத்த தாயைக் காட்டிலும் ஊசியால் காப்புப் பெற்ற தாய் சேய்க்கு வழங்கும் எதிர்ப்புப் பொருள்கள் குறைவு. எனவே இக்காலம் இப்பொழுது சற்று முன்னரே தொடங்கிவிடுகிறது. இவ்வயதுக் குழந்தையைக் காக்கும் அரண், அதனைச் சூழ்ந்திருக்கும் மூத்த குழந்தைகளின் தடைக்காப்பேயாகும்.

இரண்டாவது, ஒரு தவணையும் பெறாமை. பிறப்பு ஏட்டில் ஏறாத குழந்தை, செங்கற் சூளையிலும் கட்டட வேலைத்தலத்திலும் பெற்றோருடன் தங்கும் குழந்தை, ஆற்றுத் தீவுகளிலும் மலைச்சரிவுகளிலும் வாழும் குழந்தை, நகர்ப்புறத்துப் பதிவு பெறாத குடிசைப் பகுதியிலுள்ள குழந்தை ஆகியோர் இவ்வகையினர்.

மூன்றாவது, தொடங்கிய பின் விட்டுவிடுதல். முதல் ஊசிக்குப் பின் குழந்தைக்குச் சிறிது காய்ச்சல் கண்டிருக்கலாம். அடுத்த நாளைத் தாய்க்கு எவரும் உரைக்காதிருக்கலாம். அறுவடைக் காலத்தில் குடும்பம் வெளியூர் சென்றிருக்கலாம்.

நான்காவது, ஊசி பெற்றும் காப்புப் பெறாமை. இது ஒரோவழி உடலியல்பாலும், ஒரோவழி மருந்து கெட்டமையாலும் நேரும். தட்டம்மை மருந்து வெப்பத்தால் வலுவிழக்கும். தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி ஆகியவற்றுக்குரிய கூட்டு மருந்து உறைந்துபோனால் பயனற்றதாகும். இரண்டையும் 2 முதல் 8 பாகை வரையிலான குளிர்ச்சியில் வைத்துக் கொணர்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, பெற்ற காப்புத் தேய்தல். ஊக்க ஊசிகளைத் தவறவிட்ட பள்ளிச் சிறுவர் இவ்வகையினர். இவர்களைப் பார்த்தால் நல்ல உடல்நலமுடையோராகவே தோன்றுவர். ஆதலால் இவ்விடைவெளி எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை.

3. ஒரு சிற்றூர்க் கணக்கு

இடைவெளி எவ்வாறு ஆண்டுதோறும் சேர்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 5,000 மக்களைக் கொண்ட துணைச் சுகாதார நிலையப் பகுதி ஒன்றைக் கொள்க. ஆயிரவர்க்கு 20 வீதம் ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கின்றன என வைத்துக்கொள்க.

இவர்களுள் 80 பேர் தட்டம்மையின் முதல் தவணையைப் பெறுகின்றனர். 80 சதவிகிதம் என்பது கேட்பதற்கு நல்ல எண்தான். ஆனால் அவர்களில் 85 சதவிகிதத்தினர்க்கே, அதாவது 68 பேருக்கே, காப்பு அமைகிறது. ஊசி பெற்றும் காப்புப் பெறாதோர் 12. ஊசியே பெறாதோர் 20. ஆக, காப்பற்றோர் 32 பேர். அடுத்த ஆண்டு மேலும் 32, அதற்கடுத்த ஆண்டு மேலும் 32 எனச் சேர, மூன்று ஆண்டுகளில் 96 பேர் திரள்வர். காப்பற்றோரின் தொகை ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளின் தொகையை எட்டுமாயின் பெருந்தொற்றுக்கு வாயில் திறந்தது என்பது தட்டம்மைக் கட்டுப்பாட்டில் கையாளப்படும் பொது விதி. நோய் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போவதன் காரணம் இக்கணக்கிலிருந்து விளங்கும். நோய் வராத ஆண்டுகளில் காப்பற்றோர் தொகை ஓசையின்றி வளர்ந்துகொண்டிருக்கிறது.

இனி, முதல் தவணை பெற்ற 80 பேரும் இரண்டாம் தவணைக்கு வந்தனர் என்க. காப்புப் பெறாதிருந்த 12 பேரில் ஏறக்குறைய 11 பேருக்கு இப்பொழுது காப்பு அமையும். காப்பற்றோர் 32-இலிருந்து 21 ஆகக் குறைவர். இந்த 21 பேரில் 20 பேர் ஒருமுறையேனும் ஊசி பெறாதவர்கள் என்பதை நோக்குக. வந்தவர்களுக்கே மீண்டும் போடுவதால் இவ்வெல்லைக்கு மேல் முன்னேற இயலாது. விடுபட்ட 20 பேரில் 15 பேரைத் தேடிப்பிடித்து ஒரு தவணையேனும் தந்தால், அவர்களில் 13 பேருக்குக் காப்பு அமைந்து, காப்பற்றோர் 8 பேராகச் சுருங்குவர். 1962-இல் தொடங்கிய பெரியம்மைத் திட்டத்தின் அனுபவம் இச்சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது.

காப்புப் பெற்றோர் எத்தனை பேர் இருப்பின் நோயின் தொடர் அறும் என்பதையும் இவ்வாறே கணக்கிடலாம். எவருக்கும் காப்பில்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைத் தருவர். அந்தப் பதினெண்மரில் 17 பேர் காப்புடையோராயின் நோய் ஒருவரையே பற்றும். காப்புடையோர் அதனினும் மிகின் தொடர் அறுந்துவிடும். பதினெட்டில் பதினேழு என்பது 94 சதவிகிதத்துக்குச் சற்று மிகுதி. இரு தவணைகளுக்கும் 95 சதவிகிதம் என்னும் இலக்கு வகுக்கப்பட்டதன் அடிப்படை இதுவே.

இக்கணக்குப் பொருந்தாத நோய் ஒன்றுண்டு. இரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று. ஊரார் அனைவரும் ஊசி பெற்றிருப்பினும், ஊசி பெறாத ஒரு குழந்தையை அவர்களது காப்புக் காவாது.

4. சராசரி மறைக்கும் செய்தி

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 12 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளுள் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் பெற்றோர் 2005-06-இல் ஏறக்குறைய 44 சதவிகிதம். 2015-16-இல் 62 சதவிகிதம். 2019-21-இல் 76 சதவிகிதம். 1985-இல் தொடங்கிய அனைவர்க்கும் தடுப்பூசித் திட்டமும், விடுபட்டோரைத் தேடிச் செல்லுமாறு 2014 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்திரதனுஷ் இயக்கமும் இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றன. இது பெருமைக்குரிய முன்னேற்றமே.

எனினும் சராசரி எண் ஓர் உண்மையை மறைக்கவல்லது. பத்துக் குடியிருப்புகள் கொண்ட ஒரு வட்டாரத்தில் 90 சதவிகிதக் குழந்தைகள் ஊசி பெற்றனர் என்க. ஒவ்வொரு குடியிருப்பிலும் பத்தில் ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும் சராசரி 90-தான். ஒன்பது குடியிருப்புகளில் ஒருவரும் விடுபடாது, பத்தாவது குடியிருப்பில் ஒருவரும் ஊசி பெறாதிருந்தாலும் சராசரி 90-தான். ஏட்டில் இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டாம் நிலையில், ஒரே தெருவில் விளையாடி, ஒரே திண்ணையில் உறங்கும் குழந்தைகள் அனைவரும் காப்பற்றவர்கள். நோய் அங்கு நுழைந்தால் தீயெனப் பரவும்.

இதற்கு அண்மைக் காலச் சான்றுகள் உள. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கோவிட் பெருந்தொற்றினால் தடுப்பூசிப் பணிகள் தடைப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொண்டை அடைப்பான் கூட்டூசியின் முதல் தவணையையும் பெறாத குழந்தைகள் இந்தியாவில் 2020-இல் ஏறக்குறைய 30 லட்சம். 2021-இல் 27 லட்சம். 2022-இல் இத்தொகை 11 லட்சமாகக் குறைந்தது. 2023-இல் 16 லட்சமாக மீண்டும் உயர்ந்து, 2024-இல் 9 லட்சமாக இறங்கியது. ஆனால் ஓராண்டின் எண் குறைந்தமையால் முந்திய ஆண்டுகளில் விடுபட்ட குழந்தைகள் தாமாகவே காப்புப் பெற்றுவிடுவதில்லை. அவர்கள் காப்பின்றியே வளர்ந்து, இன்று பள்ளி வாயிலில் நிற்கின்றனர்.

2022-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மும்பை மாநகரில் கோவண்டி முதலிய நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிற்று, குழந்தைகள் உயிரிழந்தனர். அதே காலத்தில் ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்திய அரசு ஆய்வுக் குழுக்களை அனுப்ப வேண்டியதாயிற்று. நோய் கண்ட பகுதிகளில் 9 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒரு தவணை தருமாறு அப்பொழுது அறிவுறுத்தப்பட்டது. நோயாளிகளுள் 9 மாதத்திற்கு உட்பட்டோர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்த பகுதிகளில், 6 மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் ஒரு தவணை தரலாம் எனப்பட்டது. மேலே கூறிய வயது இடைவெளியை அடைக்கும் முயற்சியே அது. அவ்வாறு தரப்பட்டது கணக்கில் சேராது; 9 மாதத்திலும் 16 மாதத்திற்குப் பின்னும் தரவேண்டிய இரு தவணைகளும் வழக்கம்போல் தரப்படல் வேண்டும்.

தேய்ந்த காப்புக்குச் சான்று தொண்டை அடைப்பான். ஒரு காலத்தில் சிறு குழந்தைகளின் நோயாக இருந்த இது, இந்தியாவில் இப்பொழுது பெரிதும் ஐந்து வயது கடந்த பள்ளிச் சிறுவரிடத்தும் வளரிளம் பருவத்தாரிடத்தும் காணப்படுகிறது. கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னணியிலுள்ள கேரள மாநிலத்திலேயே, 2016-இல் மலப்புரம் மாவட்டத்தில் இந்நோய் தோன்றியது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைப்பதோடு, இதன் நஞ்சு இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்கும். நஞ்சு முறிவு மருந்தை உடனே தருதல் வேண்டும். தாமதிக்குந்தோறும் உயிருக்கு ஆபத்து மிகும்.

5. ஒரு நோயால் விளையும் பிற இடைவெளிகள்

தட்டம்மையை அம்மன் வந்துபோகும் சிறு நோய் எனக் கருதும் பழக்கம் மக்களிடையே இன்னும் உண்டு. நுரையீரல் அழற்சி, கடும் வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி ஆகியவற்றை அது விளைவிப்பதையும், உயிர்ச்சத்து ஏ குறைந்த குழந்தைகளின் கண்பார்வையைப் பறிப்பதையும் மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று மற்றொரு தீங்கையும் அளந்து காட்டிற்று. நெதர்லாந்து நாட்டில் ஊசி பெறாத 77 குழந்தைகளின் இரத்தம், தட்டம்மை காண்பதற்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டது. பிற நோய்களுக்கு எதிராக அவர்கள் முன்னரே பெற்றிருந்த எதிர்ப்புப் பொருள்களின் வகைகளில் 11 முதல் 73 சதவிகிதம் வரை, குழந்தைக்குக் குழந்தை வேறுபட்ட அளவில், அழிந்திருந்தன. அதாவது, தட்டம்மை வந்துபோன உடல் தான் கற்றுவைத்த பாடங்களில் பலவற்றை மறந்துவிடுகிறது. தட்டம்மை நீங்கிய பின்னரும் பல மாதங்கள் குழந்தை அடிக்கடி நோயுறுவதன் காரணம் இதனால் விளங்குகிறது.

6. கள ஊழியர் கடமைகள்

இடைவெளியைக் காண்பதற்கு அரிய கருவிகள் எவையும் வேண்டுவதில்லை. துணைச் செவிலியும் ஆஷா ஊழியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தத்தம் ஏடுகளை ஒருங்கே வைத்து ஒப்பிடுதலே முதற் பணி. பிறப்புப் பட்டியலில் உள்ள பெயர் தடுப்பூசி ஏட்டில் இல்லையாயின், அக்குழந்தை விடுபட்டது. எந்தப் பட்டியலிலும் இல்லாத குழந்தையை வீடு வீடாகச் சென்றே காண இயலும். 1995-இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து இயக்கத்தில் ஊழியர்கள் வீட்டுச் சுவரில் 'பி' எனவும் 'எக்ஸ்' எனவும் குறியிட்டதை நினைவுகூர்க. குழந்தைகள் அனைவரும் மருந்து பெற்ற வீடு முன்னது. பூட்டியிருந்த வீடும், குழந்தை விடுபட்ட வீடும் பின்னது. 'எக்ஸ்' குறியிட்ட வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்றதன் பயனாகவே 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கைப் போலியோ வைரஸால் எந்தக் குழந்தையும் முடமாகவில்லை.

இரண்டாவது, விட்டுவிட்டோர் விகிதத்தைக் கணக்கிடுதல். 6 வார வயதின் கூட்டூசியை 96 பேரும், 9 மாதத் தட்டம்மை ஊசியை 84 பேரும் பெற்றனராயின், விட்டுவிட்டோர் 12 பேர். 96-க்கு 12 என்பது 12.5 சதவிகிதம். இவ்விகிதம் 10-க்கு மேற்படின், தொடங்கியவர்களை மீண்டும் வரவழைப்பதில் குறை உள்ளது என்பது பொருள். முதல் ஊசி பெற்றோர் தொகையே குறைந்திருப்பின், ஊழியர் அப்பகுதியை இன்னும் எட்டவில்லை என்பது பொருள். இரு குறைகளுக்கும் தீர்வு வேறு வேறு. ஆதலால் குறை எதுவென முதலில் தெளிதல் நலம்.

மூன்றாவது, வாசல் வரை வந்த குழந்தையைத் திருப்பியனுப்பாமை. சளியோ இலேசான காய்ச்சலோ ஊசிக்குத் தடையன்று. ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசிகள் போடுவதால் தீங்கில்லை. தட்டம்மை மருந்தைக் கரைத்த பின் நான்கு மணி நேரத்திற்குள் பயன்படுத்தி, எஞ்சியதைக் களைந்துவிடல் வேண்டும் என்பது விதி. இதனால், ஒரே குழந்தை வந்த நாளில் குப்பியைத் திறந்தால் மருந்து வீணாகுமே என ஊழியர் தயங்குவது உண்டு. அத்தயக்கம் வேண்டா. ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதே திட்டத்தின் நெறி. இன்று திரும்பிச் செல்லும் தாய் அடுத்த மாதம் வருவாள் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

நான்காவது, தவறிய தவணையைத் தொடர்தல். இடையில் நின்றுபோன வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மைத் தவணைகளை 5 வயது வரையிலும், தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னிக்குரிய முக்கூட்டூசியை 7 வயது வரையிலும் தரலாம். காலம் கடந்துவிட்டது எனக் கூறித் தாயை அனுப்பிவிடும் முன், அட்டவணையை ஒருமுறை நோக்குதல் ஊழியரின் கடமை.

7. ஆசிரியர் ஆற்றத்தக்க பங்கு

ஊசி போடுதல் ஆசிரியரின் பணியன்று. ஆயினும், விடுபட்ட குழந்தையைக் காண்பதில் அவருக்குள்ள வாய்ப்பு வேறெவர்க்கும் இல்லை.

முதல் வகுப்பில் சேரும்போது ஒவ்வொரு குழந்தையின் தாய் சேய் நல அட்டையையும் கேட்டுப் பார்த்தல் நன்று. அட்டையில் மூன்று இடங்களை நோக்கினாற் போதும்: தட்டம்மையின் இரு தவணைகளும் போடப்பட்டனவா? 16 முதல் 24 மாதத்திற்குரிய ஊக்க ஊசி போடப்பட்டதா? 5 முதல் 6 வயதிற்குரிய ஊக்க ஊசி போடப்பட்டதா? இல்லையெனின், பெயரைக் குறித்துச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். அட்டை இல்லை என்றோ, ஊசி பெறவில்லை என்றோ சேர்க்கையை மறுத்தல் கூடாது. பள்ளியினின்று தள்ளப்பட்ட குழந்தை மீண்டும் பார்வைக்கு மறைந்துவிடும். இடைவெளி முன்னிலும் பெரிதாகும்.

ஐந்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் உள்ள மாணவர், 10, 16 வயதுகளுக்குரிய ஊசியைப் பெறும் பருவத்தினர். வலிக்கு அஞ்சியோ, வதந்தியைக் கேட்டோ அன்று பள்ளிக்கு வராதிருப்போர் சிலர் இருப்பர். ஊசி நாளின் வருகைப் பதிவேட்டையே விடுபட்டோர் பட்டியலாகக் கொண்டு, அடுத்த வருகையின்போது செவிலியிடம் அளிக்கலாம்.

ஆசிரியருக்கு மற்றொரு வழியும் உண்டு. ஆண்டின் நடுவில் புதிதாக வந்து சேரும் மாணவன் பெரும்பாலும் இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சார்ந்தவன். அவனுக்குக் கைக்குழந்தையாகத் தம்பியோ தங்கையோ உண்டா, குடும்பம் எங்கே தங்கியுள்ளது என வினவுக. வேலைத்தலத்துக் கொட்டகையில் உள்ள அக்கைக்குழந்தை எந்த ஏட்டிலும் இராது. ஆசிரியர் எழுதித் தரும் இரண்டு வரிகள் செவிலியை அக்கொட்டகைக்கு அழைத்துச் செல்லும்.

வகுப்பில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு மேனியில் செம்மணல் போன்ற தடிப்புக் காணின், அன்றே சுகாதார ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பதால் பள்ளிக்குப் பழி வரும் என அஞ்சுதல் வீண். முதல் நோயாளியை முதல் வாரத்தில் அறிவதற்கும் நான்காம் வாரத்தில் அறிவதற்கும் இடையே பல குழந்தைகளின் நலம் தங்கியுள்ளது.

முடிவுரை

1846-இல் பரோத் தீவுகளில் தட்டம்மை தோன்றியது. 1781-க்குப் பின் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கு தலைகாட்டியதில்லை. ஏறக்குறைய 7,800 மக்களில் 6,000 பேர் சில திங்களில் நோயுற்றனர். ஆய்வு செய்யச் சென்ற டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கண்டார்: 1781-இல் நோய் கண்டிருந்த முதியோரை அது மீண்டும் தீண்டவில்லை. அம்முதியோர் வாயிலாகத் தடைக்காப்பின் நீடித்த ஆற்றலும், ஏனையோர் வாயிலாக நோயின்மை பாதுகாப்பாகாது என்பதும் ஒருங்கே புலனாயின. ஓர் ஊரில் சில ஆண்டுகள் தட்டம்மை இல்லை என்பதனால் அவ்வூர்க் குழந்தைகள் காப்புடையோர் எனக் கொள்ளலாகாது. ஏட்டைத் திறந்து, எழுதப்படாத பெயர்களைத் தேடிய பின்னரே அதனைக் கூற இயலும்.

பயிற்சி வினாக்கள்

1. தட்டம்மையின் இரண்டாம் தவணையை வெறும் ஊக்க ஊசி என்பது ஏன் பொருந்தாது?

2. ஒரு பகுதியில் ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கின்றன. 60 பேர் மட்டும் தட்டம்மையின் முதல் தவணையைப் பெறுகின்றனர். இரண்டாம் தவணை எவருக்கும் இல்லை. காப்பற்றோர் தொகை எத்தனை ஆண்டுகளில் 100-ஐ எட்டும்?

3. 'ஊரில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டனர்; என் குழந்தைக்கு வேண்டா' என ஒரு தந்தை கூறுகிறார். தட்டம்மையைப் பற்றியும் இரண ஜன்னியைப் பற்றியும் அவருக்குத் தனித்தனியே என்ன விடை கூறலாம்?

4. தங்கள் பகுதியின் வரைபடம் ஒன்றை வரைந்து, கடந்த ஓராண்டில் ஊழியர் எவரும் செல்லாத குடியிருப்புகளைக் குறித்துக் காட்டுக.